இரு தடவை போடப்பட்ட தண்டவாளம்

நெல்லியடிச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் வடமராட்சியின் போக்குவரத்து எப்படி அமைந்திருக்கிறது என்பது விளங்கிவிடும். ஒரு வீதி வல்லைவெளியைத் தாண்டி யாழ்ப்பாணம் போகிறது. இன்னொன்று பருத்தித்துறைக்குப் போகிறது. தெற்கே இறங்கும் மூன்றாவது வீதிக்குக் கொடிகாமம் வீதி என்று பெயர். மற்ற இரண்டும் பட்டினத்துக்கும் துறைமுகத்துக்கும் போக, இந்த மூன்றாவது வீதிதான் நெடுங்காலம் நெல்லியடி மக்களைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டது.

வடமராட்சியில் புகையிரதப் பாதை எக்காலத்திலும் போடப்படவில்லை. ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் பாதை தென்மராட்சி வழியாக மேற்கே திரும்பி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து வலிகாமத்தின் நடுவே வடக்கு நோக்கிக் காங்கேசன்துறைக்கு ஏறுகிறது. நெல்லியடி, கரவெட்டி, துன்னாலை ஆட்களுக்குக் கிட்டிய நிலையம் கொடிகாமம். பெட்டி படுக்கையோடு பஸ்ஸிலோ காரிலோ அந்தத் தெருவால் போய்க் கொடிகாமத்தில் காத்திருந்து ஏறுவது மூன்று நான்கு தலைமுறைகளின் பழக்கம். வடபாதையின் கதையில் அவர்களுக்கும் பங்குண்டு. அது ஒரே பாதை இரண்டு தடவை போடப்பட்ட கதை. முதல் தடவை பிரித்தானியர் ஆட்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இரண்டாம் தடவை போருக்குப் பிறகு, எல்லாம் பிடுங்கப்பட்ட வெறுந்தரையில்.

இலங்கையின் ரயில் வரலாறு கோப்பியில் தொடங்குகிறது. மலைநாட்டுத் தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவே முதற்பாதை போடப்பட்டது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசவுக்கும், 1867இல் கண்டிக்கும் ரயில் ஓடியது. அதன்பின் பாதைகள் தோட்டங்களையும் தென்கரையையும் நாடிப் போயின. வடக்கே கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. பொல்காவலையிலிருந்து வடக்கே பிரிந்த கிளை 1894இல் குருநாகலை எட்டி அங்கேயே நின்றது. அதற்கு அப்பால் யாழ்ப்பாணம்வரை காடும் குளங்களும் சிறு கிராமங்களும் மாட்டுவண்டிப் பாதைகளும். வடக்கிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ஒன்றில் கப்பலேறினார், அல்லது மலேரியா மலிந்த வன்னிக் காட்டைப் பல நாள் எடுத்துக் கடந்தார்.

தங்கள் ஊருக்குத் தண்டவாளம் வரும் முன்பே யாழ்ப்பாணத்தவர் பிற நாட்டில் தண்டவாளத்தோடு வாழப் பழகியிருந்தனர். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885 ஜூன் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோகப்பட்ட பயனியர் படையினர். தொடர்ந்து அங்கே பாதைகள் நீள நீள, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் ஸ்ரேசன் மாஸ்ரர்களாகவும் நில அளவைத் துறையிலும் சேர்ந்தார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றி இலங்கைத் தமிழரின் ஒரு சமூகமே உருவானது. அவர்கள் அனுப்பிய பணத்தில் யாழ்ப்பாணக் கிராமங்களில் கல்வீடுகள் எழுந்தன. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய மலாயன் பென்சனியர் குடாநாட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஆளானார். வடபாதை வந்தபோது அதை வியந்து பார்த்தவர்கள் பலர். ஆனால் அதன் வேலைமுறையை உள்ளிருந்தே அறிந்த குடும்பங்களும் இங்கே ஏற்கெனவே இருந்தன.

வடபாதையைத் தெற்கிலிருந்து மட்டும் போட்டுக்கொண்டு வரவில்லை. வட முனையிலும் வேலை தொடங்கியது. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் ரயில் ஓடியபோது, அந்தத் துண்டுப் பாதைக்கும் நாட்டின் ஏனைய பாதைகளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. நடுவே வன்னிப் பெருநிலம் முழுவதும் கிடந்தது. எஞ்சினும் பெட்டிகளும் தண்டவாளமும் தரைவழியே வந்திருக்க முடியாது. கடல்தான் ஒரே வழி. காங்கேசன்துறை பாதையின் முடிவிடம் ஆனதற்கு அங்கே துறைமுகம் இருந்தது பெரிய காரணம். பாதை அங்கே முடிந்தது என்று இன்று சொல்கிறோம். கட்டியவர்களுக்கு அதுதான் தொடக்கம்.

தண்டவாளம் போடுவது என்றால் இரும்பை நிலத்தில் கிடத்துவது என்று பலர் எண்ணுவதுண்டு. இரும்பு கடைசியில் வருவது. முதலில் நில அளவை. பாதையின் போக்கைக் குறித்து, காணி எடுத்து, பற்றை வெட்டி வெளியாக்க வேண்டும். அடுத்தது அணை. அக்கம்பக்கத்து மண்ணை வெட்டிப் போட்டு, இறுக்கி, வயல்மட்டத்துக்கு மேலே சீரான மேடை ஒன்று எழுப்பப்படும். மழைநீர் ஒரு பக்கத்தில் தேங்கி அணையைக் கரைக்காமலிருக்க இடையிடையே மதகுகள் கட்டப்படும். அணையின் மேலே சல்லிக்கல். சல்லி உருண்டையாக இருக்கக்கூடாது, முனை முனையாக உடைத்த கல்லாக இருக்கவேண்டும். அப்போதுதான் கற்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும், ரயிலின் பாரத்தை அணை முழுவதும் பரப்பும், தண்ணீரையும் வடியவிடும். அந்தக் கல்லின் மேலே சிலிப்பர் கட்டைகள் குறுக்காக, சம இடைவெளியில். அவற்றின் மேலே இரண்டு தண்டவாளங்கள். இலங்கையின் அகலப் பாதையில் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் 5 அடி 6 அங்குலம். இந்தியாவின் அகலப் பாதைக்கும் இதே அளவுதான். இந்த ஒற்றுமை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வடக்குக்குப் பெரிதும் கைகொடுத்தது.

ஒவ்வொரு தண்டவாளத் துண்டின் நுனியும் அடுத்த துண்டோடு இணைப்புத் தகடும் புரியாணியும் கொண்டு பூட்டப்படும். நடுவே சிறு இடைவெளி விடப்படும். பங்குனி, சித்திரை வெயிலில் உருக்கு நீளும். நீள இடமில்லாவிட்டால் பாதை வளைந்து கோணும். பழைய ரயில்களில் போனவர்கள் தூக்கத்திலும் கேட்ட அந்தச் சீரான தட்டொலி சில்லுகள் இந்த இடைவெளிகளைத் தாண்டும்போது எழுந்தது.

குடாநாட்டின் தரை இந்த வேலைக்கு ஒருவகையில் இலேசானது, இன்னொருவகையில் கடினமானது. மலை கிடையாது, சுரங்கம் குடைய வேண்டியதில்லை, பேராறும் இல்லை. ஆனால் நிலம் தாழ்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் வயலும் வெளியும் வெள்ளக்காடாகும். ஆனையிறவிலும் நாவற்குழியிலும் கடனீரேரியைக் கடந்தாக வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டவும் வீடு கட்டவும் அது உதவும். ரயிலின் அதிர்வை ஆண்டுக்கணக்கில் தாங்கும் கருங்கல்லின் உறுதி அதற்குக் கிடையாது. காட்டு மரமும் குடாநாட்டில் இல்லை. பாதைக்கு வேண்டிய மண்ணைத் தவிர மற்றெல்லாப் பொருளும் வெளியிலிருந்து வந்துசேர வேண்டிய இடம் இது.

வன்னியில் சிரமம் வேறு மாதிரியானது. அங்கே கல்லும் மரமும் உண்டு, ஆள் இல்லை. காடு வெட்டியவர்களும் மண் சுமந்தவர்களும் காய்ச்சலுக்கு நடுவே வேலை செய்தார்கள். குளங்களின் வழிவாய்க்கால்களுக்கும் மாரியாறுகளுக்கும் மேலே பாலம் பாலமாகக் கட்டிக்கொண்டு பாதை நகர்ந்தது. 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கியது. பயணம் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பல நாள் வழியை ஒரு பகலும் ஓர் இரவும் ஆவதற்குள் முடித்துவிடலாம் என்பது அன்றைய மனிதருக்கு எத்தகைய மாற்றமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பாதை ஏன் வடமராட்சிக்கு வரவில்லை? வரைபடத்தைப் பார்த்தாலே போதும். தொண்டைமானாற்றிலிருந்து சுண்டிக்குளம் பக்கம்வரை நீளும் கடனீரேரி வடமராட்சியைக் குடாநாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து பிரித்துவைக்கிறது. நிர்வாகப் பட்டினமான யாழ்ப்பாணத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் இணைப்பதே பாதையின் நோக்கம். வடமராட்சியோ அக்காலத்தில் கடலையே பெருவழியாகக் கொண்டிருந்தது. பருத்தித்துறையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கும் அதற்கு அப்பாலும் போய்வந்தன. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. உலகம் சுற்றிய அந்த மண்ணுக்குக் கொழும்பு போக மட்டும் கொடிகாமம் தேவைப்பட்டது.

தேவை நாளுக்கு நாள் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பள்ளிகள் உருவாக்கிய அரசாங்க எழுதுவினைஞர் வர்க்கம் ரயிலை நம்பியே வாழ்ந்தது. குடும்பம் ஊரில், வேலை கொழும்பிலோ குருநாகலிலோ அனுராதபுரத்திலோ. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இரவு மெயில் வண்டி நிரம்பி வழிந்தது. பேராதனையில் பல்கலைக்கழகம் அமைந்த பின், கரவெட்டியிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் படிக்கப் போன பிள்ளைகள் பொல்காவலையில் இறங்கிக் கண்டி ரயிலுக்கு மாறினார்கள். இந்தியா போகிறவர்கள் மதவாச்சியில் மாறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் சேவையால் சென்னை வரைக்கும் ஒரே தொடராகப் பயணம் செய்ய முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்த வழி இருந்தது.

பொருள்களும் போயின. புகையிலை, சுருட்டு, வெங்காயம், மிளகாய், மாம்பழம், கருவாடு, பனம்பொருள் எல்லாம் தெற்கே ஏறின. 1950 முதல் காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் சீமெந்தும் சேர்ந்துகொண்டது. தெற்கிலிருந்து அரிசியும் துணியும் எரிபொருளும் வந்தன. நிலையத்தை ஒட்டிய ஊர்கள் சந்தையூர்களாக வளர்ந்தன. தென்மராட்சியின் தேங்காயும் பலாவும் குவியும் கொடிகாமச் சந்தை அவற்றில் ஒன்று.

1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி என்ற ரயில் ஓடத் தொடங்கியது. இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தை நீராவியிலிருந்து டீசலுக்கு மாற்றிய பொறியியலாளர் பி. டி. ரம்பாலா பொது முகாமையாளராக இருந்த காலம் அது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் 1954 முதல் வந்துசேர்ந்திருந்தன. அவற்றின் பக்கங்களில் கனடிய மாகாணங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. யாழ்தேவி வந்த பிறகு பகற்பொழுதிலேயே கொழும்புக்குப் போய்ச் சேர முடிந்தது. சங்கத்தானை, மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள், பளை என்று நிலையங்களின் வரிசையைக் குழந்தைகள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் பாதையோரத்தில் வேலை செய்த ஒரு கூட்டத்தின் உழைப்பில் நின்றது. கங்காணியின் கீழே ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை மைல் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அலவாங்கும் பிக்கானும் சம்மட்டியும் கொண்டு தங்கள் பகுதியை அவர்கள் நடந்து பார்த்தார்கள். தாழ்ந்த சிலிப்பரின் கீழே சல்லியை இடித்து இறுக்குவது, உளுத்த கட்டையைக் கழற்றிப் புதியதைச் செருகுவது, தளர்ந்த ஆணியை அடிப்பது, மாரியில் அரித்த அணைக்கு மண் போடுவது என்று வேலை ஓய்ந்ததே இல்லை. படலைகளில் கேற்காரர்கள் இருந்தார்கள். ஒரு பாதை போட்டு முடிந்த நாளிலிருந்தே பழுதாகத் தொடங்குகிறது. நாள்தோறும் யாராவது அதை மறுபடி போட்டுக்கொண்டே இருப்பதால்தான் அது பாதையாக நிலைக்கிறது.

எண்பதுகளில் போர் மூள, அந்தக் கவனிப்பு இயலாததாயிற்று. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகிப் படையினரும் பொதுமக்களும் கொல்லப்பட்டனர். 1987 மே மாதம் வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை 5ஆம் திகதி நெல்லியடி மத்திய மகாவித்தியாலயத்திலிருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. நெல்லியடி என்ற ஊர்ப்பெயர் உலகச் செய்திகளில் வந்தது அப்போதுதான். இந்திய அமைதிப்படை வந்து போனது. 1990 ஜூன் மாதம் போர் மறுபடி வெடித்தது. ஜூன் 13ஆம் திகதியோடு காங்கேசன்துறைக்கான ரயில் சேவை நின்றது. அதன்பின் இருபத்துநான்கு ஆண்டுகள் குடாநாட்டுக்குள் ரயில் வரவில்லை.

வவுனியாவுக்கு வடக்கே 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை யாருமற்றுக் கிடந்தது. பிறகு அதைக் கழற்றத் தொடங்கினார்கள். போரிட்டவர்களுக்குப் பங்கர் வேண்டும். எறிகணையைத் தாங்கும் கூரைக்குப் பலமான தீராந்தி வேண்டும். சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் அதற்கு ஏற்ற பொருள்கள். பிடுங்கிச் சுமந்து போய், குழியின் மேலே அடுக்கி, மண்மூட்டை போட்டால் பங்கர் தயார். இவ்வாறு ஆயிரமாயிரம் பேரைச் சுமந்த இரும்பு போர்முனைகளில் மண்ணுக்குள் புதைந்தது. சல்லியும் போனது. நிலையக் கட்டடங்கள் குண்டிலும் எறிகணையிலும் உடைந்தன. யாழ்ப்பாண நிலையத்தின் சுவர்கள் கூரையின்றி நின்றன. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பாதையின் காணிகளில் கொட்டில் போட்டு வாழ்ந்தன. மிஞ்சியது அணை மட்டும். நூற்றாண்டுக்கு முன் கூடையில் மண் சுமந்தவர்கள் எழுப்பிய அந்த மேடு பற்றையும் நாயுருவியும் மூடிப் பல இடங்களில் அப்படியே கிடந்தது. ஊர்ச்சனம் அதை ஒற்றையடிப் பாதையாகப் பாவித்தது.

ரயில் இல்லாத ஆண்டுகளில் நெல்லியடியிலிருந்து கொழும்புக்குப் போவது என்னவாக இருந்தது என்பதைப் பதிந்துவைக்க வேண்டும். 1990களின் முற்பகுதியில் மக்கள் கிளாலியில் வள்ளம் ஏறி, இருட்டில், சுடுபடும் அபாயத்தோடு கடனீரேரியைக் கடந்தார்கள். பலர் அந்த நீரிலேயே மாண்டார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழைக்கு நடுவே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நகர்ந்தார்கள். ஒரு காலத்தில் ரயில் இரைந்து கடந்த அந்த நீர்ப்பரப்பின் ஓரமாக மூட்டை முடிச்சுகளோடு இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் திருகோணமலைக்குக் கப்பல். அதற்கும் அனுமதிப் பத்திரம், வரிசை, சோதனை. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மறுபடி மூடியது. இந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் ரயிலைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்தார்கள்.

2009இல் போர் முடிந்தது. பாதையை இரண்டாம் தடவை போடும் வேலை, முதல் தடவை எவரும் செய்யத் தேவையில்லாதிருந்த ஒரு பணியோடு தொடங்கியது. அது மிதிவெடி அகற்றுதல். பாதையின் போக்கு பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த இடங்களுக்கு நடுவே கிடந்தது. பளைக்கும் எழுதுமட்டுவாளுக்கும் இடைப்பட்ட முகமாலை இலங்கையிலேயே மிக அடர்த்தியாக வெடி புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள், அவர்களிலே வடக்கின் பெண்கள் பலர், முழங்காலில் இருந்து ஒவ்வொரு சாணாக மண்ணைத் துழாவி வெடிகளை எடுத்தார்கள். அந்தப் பெண்களின் பொறுமையையும் துணிவையும் பாதையின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது.

வடக்கின் பாதைகளைப் போட இந்தியா சலுகைக் கடன் கொடுத்தது. அதன் அளவு ஏறக்குறைய 80 கோடி அமெரிக்க டொலர். வேலையை இந்திய அரசின் இர்கொன் நிறுவனம் ஏற்றது. இரு நாட்டு அகலப் பாதையும் ஒரே அளவு என்பதால் இந்தியாவில் பழகிய முறைகளும் பொறிகளும் அப்படியே இங்கே பயன்பட்டன. ஓமந்தையிலிருந்து பளைவரை 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறைவரை 56 கிலோமீற்றர் என்று பாதை பகுக்கப்பட்டது. மதவாச்சி–தலைமன்னார்ப் பாதை தனியாக.

வேலையின் ஒழுங்கு 1902இல் இருந்ததுதான்: காணி, அணை, சல்லி, சிலிப்பர், தண்டவாளம். உள்ளே இருந்த பொருள்தான் மாறியது. கூடைக்குப் பதிலாக மண் அள்ளும் இயந்திரமும் உருளையும் வந்தன. அணை புதிதாக இறுக்கப்பட்டது. பழைய மதகுகளும் பாலங்களும் மாற்றப்பட்டன. கருங்கற் சல்லி இம்முறையும் குடாநாட்டுக்கு வெளியிலிருந்தே வந்தது. மரக்கட்டைக்குப் பதிலாகக் கொங்கிறீற் சிலிப்பர். மரக்கட்டையை இரண்டு பேர் தோளில் தூக்கலாம். கொங்கிறீற் சிலிப்பர் ஒன்று 200 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைக் கிடத்தவும் இயந்திரம் வேண்டும், பிடுங்கவும் இயந்திரம் வேண்டும். மழைக்கும் கறையானுக்கும் அது அசையாது. ஆணிக்குப் பதிலாக வளைந்த உருக்குக் கவ்விகள் தண்டவாளத்தைப் பிடித்தன. துண்டுகள் காய்ச்சி ஒட்டப்பட்டதால் பழைய தட்டொலி பெரும்பாலும் மறைந்தது, வண்டி வேகமாகப் போக முடிந்தது.

பாதை ஊர் ஊராக மேலேறி வந்தது. 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. 2014 மார்ச் 4ஆம் திகதி பளைக்கு வந்தது. 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி வழியாக யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது. பாதையோரத்தில் முதியவர்கள் கைகூப்பி நின்றார்கள். ரயிலையே கண்டிராத இளைஞர்கள் படம் பிடித்தார்கள். 2015 ஜனவரி 2ஆம் திகதி பாதை காங்கேசன்துறையை எட்டி முழுமை பெற்றது. முதல் தடவை கடலோரத்தில் தொடங்கிய பாதை, இரண்டாம் தடவை கடலோரத்தில் வந்து முடிந்தது.

திறப்பு விழாவோடு சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. கால் நூற்றாண்டு ரயில் ஓடாத மண்ணில் பாதையைக் கடக்கும் பழக்கமே அற்றுப்போயிருந்தது. புதிய வண்டிகள் முன்னையவற்றைவிட வேகமானவை, சத்தமும் குறைவு. பாதுகாப்பற்ற கடவைகளில் கிளிநொச்சியிலும் தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் விபத்துகள் நடந்து உயிர்கள் போயின. படலை, கேற்காரர், எச்சரிக்கை மணி ஆகியவை பாதையின் மேலதிக அலங்காரங்கள் அல்ல. சல்லியும் சிலிப்பரும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு இவையும் அவசியம். கங்காணிக் குழுக்களின் காலத்தில் இருந்த அந்த மனிதக் காவலை இயந்திரக் காலமும் தேடவேண்டியிருக்கிறது.

வடக்கே போட்ட புதுப்பாதை தெற்கே நின்ற பழைய பாதையின் குறையை வெளிச்சமாக்கியது. ஓமந்தைக்கு அப்பால் வேகமாக ஓடக்கூடிய வண்டி, மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடையே பழைய கட்டைகளின் மேலே தவழவேண்டியிருந்தது. 128 கிலோமீற்றர் நீளமான அந்தப் பகுதியையும் இந்தியக் கடனுதவியில் இர்கொன் புதுப்பித்தது. 2023 ஜனவரியில் அனுராதபுரத்துக்கு வடக்கே பாதையை மூடி வேலை தொடங்கி, ஜூலையில் ஓமந்தைவரை திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அனுராதபுரத்தில் அதை முறைப்படி திறந்துவைத்தார். இடையில் 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதையைப் பெற்றெடுத்த துறைமுகத்தில் மறுபடி ஆள் நடமாட்டம் உண்டாயிற்று.

இந்த இரண்டு கட்டுமானங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. போரால் அழியாமல் மிஞ்சியது முதலில் வந்தவர்கள் தெரிந்தெடுத்த போக்கும் அவர்கள் எழுப்பிய அணையுந்தான். இரும்பும் மரமும் கல்லும் பெயர்ந்துபோன பிறகும், பாதை எந்த வழியால் போகவேண்டும் என்ற முடிவு நிலத்தில் எழுதப்பட்டே கிடந்தது. இரண்டாம் தடவை வந்தவர்கள் வழி தேட வேண்டியிருக்கவில்லை. அதனால் வடபாதையின் மிகப் பெரிய சாதனையாளர்கள் 1905க்கு முன் வெயிலிலும் காய்ச்சலிலும் மண் சுமந்தவர்களே. ஆளுநர்களின் பெயர்கள் நூல்களில் உண்டு. இவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

பெயர்கள் இல்லாமற்போனதற்குக் காரணமும் உண்டு. 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளிலிருந்த கடிதங்களும் படங்களும் நியமனப் பத்திரங்களும் தொலைந்தன. வடபாதையில் வேலை செய்த ஸ்ரேசன் மாஸ்ரர், கங்காணி, கேற்காரர், எஞ்சின் சாரதி ஆகியோரின் நினைவுகள் இன்று பெரும்பாலும் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாயில்தான் இருக்கின்றன. அவர்களிலும் பலர் இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள்.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய ரயில் ரிக்கெற், நேர அட்டவணை, சீருடை போட்ட தாத்தாவின் படம், மலாயா ரயில்வேயின் பென்சன் புத்தகம் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். ஈழத்து எழுத்தாவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ அதன் ஒரு படியையாவது கொடுங்கள். கொடிகாமத்தில் ரயிலேறிய கதையைச் சொல்லக்கூடிய முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவரருகில் இருந்து, ஆண்டும் ஊரும் பெயரும் கேட்டு எழுதி வையுங்கள்.